ஏழு ரூபாய் தினார்

எனக்கு இப்போது எழுபத்தாறு நடக்கிறது. ஆறு பேரை வளர்த்தேன். நான் பெற்றது நாலு, என் நாத்தனார் செத்தபோது விட்டுப் போனது இரண்டு. ஆறில் ஒன்றைக்கூடப் பசி என்று இன்னொரு வாசலில் நிற்க விடவில்லை. இதை முதலில் எழுதி வைத்துவிடுகிறேன். இனி எழுதப்போவது எல்லாம் தோற்ற கதை.

எங்கள் ஊர் செந்துறைக்குப் பக்கம். அந்த நாளில் அரியலூர், பெரம்பலூர் எல்லாம் திருச்சி ஜில்லாவுக்குள் இருந்தன. பெரிய வேலை எதுவானாலும் திருச்சிக்குத்தான் பஸ் ஏற வேண்டும். எங்களுக்குச் சொந்தம் என்று ஒரு வீடு மட்டும். பிழைப்பெல்லாம் ஒரு முந்திரிக் கொல்லையில். அது உடையார்பாளையத்துக்காரர் ஒருவருக்குச் சொந்தம். என் மாமனார் காலத்திலிருந்து குத்தகைக்கு நாங்கள்தான் பார்த்து வந்தோம். பாதி மரம் மாமனார் நட்டது, மீதி நான் நட்டது. என் வீட்டுக்காரர் குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலைக்குப் போன நாலு வருஷமும் அந்தக் கொல்லையை நான் ஒருத்திதான் பார்த்தேன். கொட்டை உடைத்து உடைத்துக் கையெல்லாம் அதன் பால் பட்டுத் தோல் உரிந்திருக்கும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அது என் கொல்லை என்றே நினைத்திருந்தேன்.

அந்த உடையார்பாளையத்துக்காரர் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். எல்லாவற்றையும் விற்றுவிட்டு மகனோடு மெட்ராஸுக்குப் போகிறாராம். முதலில் உங்களுக்குத்தான் சொல்கிறேன், நாற்பத்தைந்தாயிரம், ஆவணிக்குள் கிரயம் முடித்துக்கொண்டால் உங்களுக்கு, இல்லாவிட்டால் கேட்க ஆள் இருக்கிறது என்றார். நியாயமான விலைதான். நியாயமான மனிதரும்தான்.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் லீவில் வந்தார். எண்ணூறு தினார் கையோடு கொண்டு வந்தார். பேங்கில் போட்டு அனுப்பியிருக்கலாம். நோட்டாகக் கொண்டு வந்து திருச்சியில் மாற்றினால் ஒரு தினாருக்கு ஒன்று இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கும் என்று எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஒரு தினாருக்கு அப்போது ஐம்பத்தெட்டு ரூபாய்க்கு மேல் போயிற்று. எண்ணூறுக்குக் கணக்குப் போட்டால் கொல்லையின் விலை வந்து ஆயிரத்துச் சொச்சம் மிஞ்சும். அறுபதைத் தொட்டால் பத்திரச் செலவும் அதிலேயே கழியும். அதனால் ரேட்டு அறுபது ஆகட்டும் என்று அவர் கொஞ்சம் பொறுத்தார்.

ரேட்டு விஷயத்தில் அவருக்கு வேதவாக்கு லெப்பைக்குடிக்காட்டு ஜவுளிக்கடை பாய் சொல்வதுதான். அவரைக் குவைத்துக்கு அனுப்பி வைத்ததே அந்த பாய்தான். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது கடல் தாண்டியிருப்பார்கள். பாயுடைய அத்தா அந்தக் காலத்திலேயே குவைத்தில் துணி விற்றவர். அப்போது அவர்களுக்கென்று தனி நோட்டே கிடையாதாம். நம் ரூபாய்தான் அங்கே ஓடியதாம். பிறகுதான் அவர்கள் தினார் என்று ஒன்று போட்டார்கள். போட்ட புதிதில் பதின்மூன்று ரூபாய்க்கும் கொஞ்சம் சில்லறைக்கும் ஒரு தினார். அப்புறம் நம் சர்க்கார் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததில் அது இருபதைத் தாண்டியது. அதிலிருந்து ஏற்றம்தான் என்று பாய் துணியை மடித்துக்கொண்டே சொல்வார். “அவங்க மண்ணுல எண்ணெ ஊறுது, நம்ம மண்ணுல நாம தண்ணி எறைச்சிக்கிட்டு இருக்கோம். ரேட்டுன்னா அதாங்க” என்பார். நானும் ஒரு தரம் அவர் கடையில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது.

அறுபதுக்குக் காத்திருக்கும்போதே ஆடி பிறந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஆடிக்கு ஒரு வழக்கம் உண்டு. விதை வெளியே போகலாம், அது பூமிக்குப் போவது. பொன்னை அழித்து வேறு பொன் செய்யக் கூடாது, மாட்டை மாற்றக் கூடாது, இருக்கிற செல்வத்தின் ரூபத்தை மாற்றவே கூடாது. என் மாமியார் அதில் கறாரானவர். ஒரு நாட்டு நோட்டைக் கொடுத்து இன்னொரு நாட்டு நோட்டை வாங்குவது நகையை உருக்குவது போலத்தான் என்று சொல்லிவிட்டார். அவரும் தாய் சொல்லைத் தட்டவில்லை. ரேட்டும் ஏறிக்கொண்டுதானே இருக்கிறது, ஆடி போகட்டும், ஆவணி முதல் வாரம் மாற்றி அந்த வாரமே பத்திரம் முடிக்கலாம் என்றார். நோட்டுக் கட்டை நான்தான் துணியில் சுற்றித் துவரைப் பானைக்கு அடியில் வைத்தேன். இன்றைக்கும் ஆடியில் நான் நகையை அழிக்க மாட்டேன். நடந்ததற்கு ஆடி என்ன செய்யும்.

ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள். மறுநாளைக்குக் கொள்ளிடம் போகலாம் என்று புளி ஊற வைத்துக்கொண்டிருந்தேன். டீக்கடைக்குப் போனவர் டீ குடிக்காமல் திரும்பி வந்தார்.

“குவைத்தப் புடிச்சிட்டானாம்” என்றார்.

“யாரு?”

“பக்கத்து நாட்டுக்காரன். ரேடியோவுல சொல்றாங்க. ராசா குடும்பமே ஓடிப்போச்சாம்.”

மாமியார் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “புடிச்சா புடிச்சிட்டுப் போறான். நீ இங்கல்ல இருக்க. மாரியாத்தா ஒன்னய முன்னாலயே இழுத்துக்கிட்டு வந்துட்டா” என்றார்.

ஊரும் அதையேதான் சொல்லிற்று. அவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதிர்ஷ்டக்காரன் என்றார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்து துவரைப் பானையைப் பார்ப்பார். எனக்கு அப்போது விளங்கவில்லை. வேறொரு நாட்டில் ஒருவன் பீரங்கியோடு நுழைந்தால் செந்துறைப் பக்கம் என் வீட்டுப் பானையில் இருப்பது எப்படிக் குறையும். தங்கம் தங்கம்தானே, நெல் நெல்தானே என்று நினைத்தேன்.

ஆடி முடியும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே திருச்சிக்குப் போனோம். மாமியாரும் தடுக்கவில்லை. நோட்டு மாற்றுகிற கடையில் எங்களைப் போலவே ஆறேழு பேர் நின்றார்கள். கடைக்காரர் கட்டைக் கையில் வாங்கக்கூட இல்லை. பலகையில் தினாருக்கு நேராக எழுதியிருந்த இடம் அழிக்கப்பட்டு ஈரமாக இருந்தது. “அங்க சர்க்காரே இல்லயேங்க. இந்த நோட்டுக்கு யாரு பதில் சொல்லுவா?” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பேங்கிலும் அதே பதில். திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் நோட்டுக் கட்டை வேட்டி மடிப்பில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்குப் போகாமல் நேரே லெப்பைக்குடிக்காட்டுக்குப் போனோம். பாய் வீட்டில் அழுகையாக இருந்தது. அவருடைய மச்சான் குவைத்தில் மாட்டிக்கொண்டிருந்தார், ஒரு தகவலும் இல்லை. அந்த நிலையிலும் எங்களுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். பிடித்தவன் தன் நாட்டு நோட்டும் குவைத் நோட்டும் ஒன்று என்று சொல்லப்போகிறானாம், அப்புறம் குவைத் நோட்டே செல்லாது என்று தள்ளிவிடுவான் என்கிறார்கள் என்று பாய் சொன்னார். அப்படித்தான் நடந்தது. ஆனால் எங்களுக்குச் சொன்ன யோசனை வேறு.

“வச்சிருங்க. கெட்டுப்போற சாமானா அது? அல்லா நாடினா நாடு திரும்பும். நாடு திரும்பினா நோட்டு திரும்பும்.”

“எப்ப திரும்பும் பாய்?” என்று இவர் கேட்டார்.

பாய் தெருப் பக்கம் பார்த்தார். அவருக்குத் தன் மச்சான் எப்போது திரும்புவார் என்றே தெரியாது.

ஆவணி முடிந்தது. உடையார்பாளையத்துக்காரரிடம் போய் நின்றோம். அவர் யோசித்து, ஐயாயிரம் முன்பணம் கொடுங்கள், தை வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன், தையிலும் முடியாவிட்டால் முன்பணம் திரும்பாது, என்னைக் குறை சொல்லக் கூடாது என்றார். ஒரு மனிதர் இதற்கு மேல் என்ன செய்வார். ஐயாயிரத்துக்கு எங்கே போவது? என் நகை ஏற்கெனவே விசாவுக்குப் போயிருந்தது.

அப்போதுதான் திருச்சியிலிருந்து ஒரு தரகர் ஊர் ஊராக வந்தார். செல்லாத தினாரை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். எதற்கு என்று கேட்டதற்கு, பம்பாயில் யாரோ கேட்கிறார்கள், எனக்கும் தெரியாது என்றார். ஒரு தினாருக்கு ஐந்து ரூபாய் என்று ஆரம்பித்தார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து முடியாது என்றேன். அவர் ஆறு என்றார், பிறகு ஏழு என்றார். ஏழுக்கு மேல் ஒரு பைசா ஏறவில்லை.

என் வீட்டுக்காரர் எழுந்து கதவுக்குப் பின்னால் வந்தார். என்னிடம் கேட்டது ஒன்றுதான். “இந்தா புள்ள, காயிதத்த வச்சிக்கிட்டுக் கொல்லய விடட்டுமா, காயிதத்த விட்டுட்டுக் கொல்லயப் புடிக்கட்டுமா?”

இதற்கு யாராக இருந்தாலும் ஒரே பதில்தான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். ஐம்பத்தெட்டுக்கு விலை போன நோட்டை ஏழுக்குக் கொடுத்தோம். ஐயாயிரத்து அறுநூறு ரூபாய் வந்தது. ஐயாயிரத்தை உடையார்பாளையத்தில் கட்டினோம், மீதியில் பிள்ளைகளுக்குத் தீபாவளிக்குத் துணி எடுத்தோம்.

தை வந்தது. மீதி நாற்பதாயிரம் வரவில்லை. எங்கிருந்து வரும்? குவைத்துக்குத் திரும்பிப் போனால் சம்பாதிக்கலாம், போக நாடு இல்லை. கேட்ட இடமெல்லாம் எங்களைப் போலவே வெறுங்கையாகத் திரும்பி வந்தவர்களின் வீடுகள். கொல்லையை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கினார். அவர் குத்தகைக்கு விடவில்லை, தன் ஆட்களைக் கொண்டு வந்துவிட்டார். அந்த வருஷம் பூ நன்றாகப் பிடித்திருந்தது.

பங்குனியில் பழம் விழ ஆரம்பித்தது. எங்கள் வாசலில் நின்றால் அந்த வாசனை வரும். நாங்கள் கூலிக்குக்கூட அந்தப் பக்கம் போகவில்லை. அப்படி ஒரு பகலில் பாய் வந்தார். எங்கள் ஊருக்கு அவர் வந்ததே அதுதான் முதல் தடவை. இரண்டு பஸ் மாறி, வெயிலில் நடந்து, வேர்த்து விறுவிறுத்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. மச்சான் உயிரோடு இருக்கிறார், நாடு திரும்பக் கிடைத்துவிட்டது, புது நோட்டு போட்டுவிட்டார்கள், பழைய நோட்டைக் கொண்டுவந்தால் கெடுவுக்குள் முழு மதிப்புக்கு மாற்றிக் கொடுக்கிறார்கள் என்று மூச்சு விடாமல் சொன்னார். நாட்டைப் பிடித்தவன் திருடிக்கொண்டு போன நோட்டு நம்பர்கள் மட்டும்தான் செல்லாதாம். எங்களுடையது சண்டைக்கு முன்னால் வந்த நோட்டு, சுத்தமானது.

“எடுத்துட்டு வாங்க தங்கச்சி. தெரிஞ்சவங்க போறாங்க, குடுத்து விட்டுரலாம். ஒரு தினார் கொறயாம வந்துரும், நான் ஜவாப்தாரி.”

என் வீட்டுக்காரர் உள்ளே இருந்தார். பாயின் குரல் கேட்டதும் எழுந்தவர், இதைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெளியே வரவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“வித்துட்டோம் பாய்.”

அவருக்குப் புரியவில்லை. “எத வித்தீங்க?”

“நோட்ட.”

“எவ்வளவுக்கு?”

“ஏழு.”

பாய் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். நான் வைத்திருக்கச் சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், சொல்ல உரிமை உள்ளவர். உள்ளே பார்த்து, “மாப்ள, ஒடம்பப் பாத்துக்குங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்த வழியே பஸ்ஸுக்கு நடந்தார்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வருஷம் நம் நாடே கையில் காசில்லாமல் நின்றதாம். சர்க்கார் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தார்களாம். ஆனி மாதத்தில் ரூபாயின் மதிப்பை இரண்டு தடவை குறைத்தார்கள். தினார் எண்பதைத் தாண்டித் தொண்ணூறுக்குப் பக்கத்தில் போயிற்று. பானையில் வைத்திருந்த கட்டு அப்படியே இருந்திருந்தால் எழுபதாயிரம். அந்தத் தரகர் அவ்வளவு லாபமும் பார்த்தாரா, பம்பாய்க்காரர் பார்த்தாரா, தெரியாது.

என் வீட்டுக்காரரைக் குவைத்தில் மறுபடி யாரும் கூப்பிடவில்லை. வேலை பார்த்த வீட்டார் திரும்பி வரவே இல்லையாம். கொல்லையை வாங்கியவர் சில வருஷம் கழித்துச் சுண்ணாம்புக் கல்லுக்கு விற்றார். மரத்தை எல்லாம் வேரோடு சாய்த்துப் பள்ளம் எடுத்தார்கள். அந்தப் பள்ளத்துக்கே இவர் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். போகாதீர்கள் என்றேன். “வேற எங்க போவச் சொல்ற?” என்றார். சாயங்காலம் வரும்போது தலை, புருவம் எல்லாம் வெள்ளையாக வருவார். என் மரங்கள் நின்ற மண் அது. நான் அதைத் துணியிலிருந்து உதறி வெளியே கொட்டுவேன்.

கையில் ஒரு தினார் இல்லாத மனிதர் ஒரு நாள் விடாமல் ரேட்டு பார்த்தார். டீக்கடைப் பேப்பரில் ஒரு மூலையில் சின்னக் கட்டம் போட்டு எல்லா நாட்டுக் காசுக்கும் விலை எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்து சோற்றில் கை வைக்கும் முன்னால் சொல்வார். நூறு ஆனதைச் சொன்னார். நூற்றைம்பது ஆனதைச் சொன்னார். சொல்லிவிட்டுப் பாதிச் சோறு சாப்பிடுவார். பிள்ளைகள் கேலி செய்வார்கள். “அப்பா இன்னிக்கு எத்தன லட்சம் வுட்டுட்டாரு?” என்று மூத்தவன் ஒரு நாள் கேட்டான். அதற்கு நான் அவனை அடித்தேன். அவனுக்கே அப்போது பிள்ளை இருந்தது.

பிறகு சர்க்கரை வந்து அவருக்குப் பார்வை போயிற்று. ஒரு கண் முழுவதும், மறு கண் முக்கால்வாசி. டீக்கடைக்குப் போக முடியவில்லை. பேப்பரை வீட்டுக்கு வரவழைத்து, படி என்று என்னிடம் நீட்டினார். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் கேட்பதற்கு வேறு ஆள் வீட்டில் இல்லை, பிள்ளைகளிடம் கேட்க அவருக்கு வெட்கம். மூத்தவனின் மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாள். அவள் சிலேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் எழுத்துப் பிடித்தேன். எண் முன்னமே தெரியும். பேப்பரில் நானாக எழுத்துக் கூட்டிப் படித்த முதல் வார்த்தை குவைத். இரண்டாவது வார்த்தை தினார்.

முதல் நாள் உள்ளதை உள்ளபடி படித்தேன். இருநூற்று மூன்று. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாப்பாடு வேண்டாம் என்றார். மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள் நான் இருநூறு என்றேன்.

“எறங்கிருக்கா?” என்றார். திரும்பி என் பக்கம் பார்த்தார். அன்றைக்கு இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்கப்புறம் நான் இறக்கிக்கொண்டே வந்தேன். ஒரேயடியாக இல்லை. இரண்டு, மூன்று, சில நாள் அப்படியே விட்டு, ஒரு நாள் ஒரு ரூபாய் ஏற்றிக்கூடச் சொல்வேன், நம்ப வேண்டுமே. பேப்பரில் அது ஏறிக்கொண்டு போயிற்று, என் வாயில் இறங்கிக்கொண்டு வந்தது. நூறுக்குக் கீழே வந்தபோது, ஏன் இப்படி விழுகிறது என்று கேட்டார். எண்ணெய் வற்றிப் போய்விட்டதாம் என்றேன். “பாவம், அங்க இருக்கற சனம் என்ன பண்ணும்?” என்றார். அப்படிப்பட்ட மனிதர் அவர். இதை ஒரு பொய் என்று யாராவது என்னிடம் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். ஆறு பேருக்குச் சோறு போட்டவள் நான், ஏழாவது ஆளுக்கும் அப்படித்தான் ஊட்டினேன்.

நாற்பதுக்கு வந்திருந்த சமயம் பாய் அவரைப் பார்க்க வந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது, பேரன் ஒருவன் காரில் அழைத்து வந்தான். இத்தனை வருஷத்தில் இவர் பாயின் முகத்தில் விழித்ததே இல்லை. அன்றைக்கு இவரே கையை நீட்டித் துழாவி பாயின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாய், தினாரு நாப்பதுக்கு வந்துருச்சாமே. பாத்தீங்களா?”

நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். பாய் என்னைப் பார்த்தார். நானும் பார்வையைத் தாழ்த்தவில்லை. ரேட்டு விஷயத்தில் ஒரு பைசா மாற்றிச் சொல்லாத மனிதர்.

“ஆமாங்க மாப்ள” என்றார். “எங்க ஊருல பாதிப் பேரு தலைல துண்டப் போட்டுக்கிட்டு ஒக்காந்துருக்கான். வச்சிருந்தவனெல்லாம் போயிட்டான்.”

“நாம முன்னாலயே தள்ளிவுட்டோம்” என்றார் இவர்.

“ஆமாங்க” என்றார் பாய்.

போகும்போது வாசலில் நின்று, இன்னும் எவ்வளவு இறக்கப் போகிறாய் தங்கச்சி என்று மெதுவாகக் கேட்டார். ஏழு வரைக்கும் என்றேன். ஏழுக்கு வந்துவிட்டால் விற்ற விலையும் அன்றைய விலையும் ஒன்றாகிவிடும், அதற்கப்புறம் அவர் அந்தக் கட்டத்தைப் படிக்கச் சொல்ல மாட்டார் என்று நான் கணக்கு வைத்திருந்தேன்.

ஏழுக்கு வரவில்லை. பதினொன்றில் நின்றுவிட்டது. பதினொன்று என்று படித்த அன்றைக்கு, இன்னும் கொஞ்சம்தான் என்று சொல்லிக்கொண்டு படுத்தவர்தான். காலையில் பேப்பர் வந்து வாசலில் கிடந்தது, எடுக்க ஆள் இல்லை. துக்கத்துக்கு வந்த யாரோ ஒருவர் அதை விரித்து அதன் மேல் உட்கார்ந்தார்.

இன்னும் நாலு நாள் இருந்திருந்தால் முடித்திருப்பேன். சீக்கிரம் இறக்கியிருக்கலாம், ஆனால் நம்பியிருக்க மாட்டார். பள்ளத்தில் இப்போது கல் தீர்ந்துபோய்த் தண்ணீர் நிற்கிறது. பச்சையாக, ஆழம் தெரியாமல். ஆடு மாடு போகாமல் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள்.

பேத்தி இப்போது பெரம்பலூரில் காலேஜ் படிக்கிறாள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எட்டிப் பார்த்துவிட்டு, இன்றைக்கு ரேட்டு என்னவென்று போனில் பார்த்துச் சொல்லட்டுமா அப்பத்தா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். போனைக் கீழே வைத்துவிட்டு இங்கே வந்து உட்கார், இந்தத் தாளை எடுத்து முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு என்றேன். என் எழுத்து கோணல்தான், உனக்குப் புரியும். இருக்கிறபடியே படி. எந்த நம்பரையும் எனக்காகக் குறைக்காதே.